பொறியின் ஊகமும் மொழியின் வாக்குறுதியும்

கணிப்பொறி மொழிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கிய அறிஞர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஃபோர்ட்ரான் மொழியை ஜான் பாக்கஸ் குழுவினர் 1957இல் தந்தனர். சி மொழியை டென்னிஸ் ரிச்சி 1972ஐ ஒட்டி உருவாக்கினார். ஜாவாவை ஜேம்ஸ் காஸ்லிங் வடித்தார் என்று பெயர்களும் ஆண்டுகளும் அதில் வரிசையாக வரும். மொழிக்கு அடியில் கிடக்கும் சிலிக்கன் சில்லைப் பற்றி அவ்வரலாறு அதிகம் பேசுவதில்லை. பொறி என்பது இட்ட பணியைச் செய்யும் ஏவலாள். விரைவாகச் செய்யுமா, மெதுவாகச் செய்யுமா என்பதன்றி அதனிடம் கேட்பதற்கு வேறொன்றும் இல்லை என்பதே மொழியாக்குநர் பலரின் எண்ணமாக இருந்தது. 2018ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் அவ்வெண்ணம் தகர்ந்தது. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் இரு குறைகள் அன்று உலகுக்கு அறிவிக்கப்பட்டன. அவை எந்த நிரலிலும் உள்ள பிழைகள் அல்ல. நிரல்களை இயக்கும் செயலியிலேயே உறைந்திருந்த குறைகள். அவற்றுள் ஸ்பெக்டர், பொறியைக் காட்டிலும் மொழிகளையே மிகுதியாக அலைக்கழித்தது என்பது பலர் அறியாத செய்தி.

இதனை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், மொழி மனிதனுக்குத் தந்திருந்த வாக்குறுதி யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மொழி தந்த வாக்கு

நூறு பெட்டிகள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன என்று கொள்வோம். நிரல் ஒன்று நூற்றைம்பதாவது பெட்டியில் உள்ளதைக் கேட்கிறது. அப்படி ஒரு பெட்டியே அவ்வரிசையில் இல்லை. ஆயினும் நினைவகத்தில் அந்த இடத்தில் வேறு எவருடைய உடைமையோ இருக்கும். சி மொழி இதைப் பொருட்படுத்தாமல் அங்கே கிடப்பதை எடுத்துத் தந்துவிடும். வேறு சில மொழிகளோ ஒவ்வொரு முறையும், 'கேட்ட எண் எல்லைக்குள் உள்ளதா?' என்று சோதித்து, இல்லையெனில் மறுத்துவிடும். இதுவே எல்லைச் சோதனை எனப்படுவது.

இச்சோதனை நேற்றுத் தோன்றியதன்று. பரோஸ் நிறுவனத்தார் 1961இல் அறிவித்த பி 5000 என்னும் பொறியில் எல்லைச் சோதனையை வன்பொருளே செய்தது. அப்பொறி ஆல்கால் மொழிக்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதே காலத்தில் இங்கிலாந்தில் எலியட் நிறுவனத்தில் பணியாற்றிய டோனி ஹோர், தாம் அமைத்த ஆல்கால் தொகுப்பியில் இச்சோதனையைக் கட்டாயமாக்கினார். தொகுப்பி என்பது மனிதன் எழுதும் மொழியைப் பொறியின் மொழிக்கு மாற்றித் தரும் நிரல். பல ஆண்டுகள் கழித்து, விரைவு கருதி இச்சோதனையை நீக்கிக்கொள்ள வழிசெய்து தரலாமா என்று வாடிக்கையாளர்களைக் கேட்டபோது, அவர்கள் ஒருமனதாக வேண்டா என்று மறுத்ததாக 1980இல் டூரிங் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் அவர் நினைவுகூர்ந்தார். பிழையான விடையை விரைந்து பெறுவதைவிடச் சரியான விடையைத் தாமதமாகப் பெறுவது மேல் என்பதை அந்த வாடிக்கையாளர்கள் பட்டறிந்திருந்தனர் போலும்.

ஜாவா வந்தபின் இவ்வாக்குறுதி மேலும் பெரிதாயிற்று. முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நிரலையும் உங்கள் பொறியில் அச்சமின்றி இயக்கலாம். மொழியின் விதிகளே அதனைக் கட்டிப்போடும் என்று சொல்லப்பட்டது. உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தவுடன் அதனோடு வந்து இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்கும் இதே விதிதான். 2003இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தார் தொடங்கிய சிங்குலாரிட்டி என்னும் இயக்க முறைமை இன்னும் ஒரு படி மேலே சென்றது. வன்பொருள் தரும் காப்பு வேலியே தேவையில்லை. எல்லா நிரல்களையும் பாதுகாப்பான மொழியில் எழுதிவிட்டால் அவை ஒரே நினைவகத்தில் அருகருகே வாழலாம் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. வேலியில்லாத தோட்டத்தில் நன்னடத்தையை மட்டும் நம்பி வாழ்வது போன்றது அது. எழுதப்பட்ட விதிகளின்படி அந்த நம்பிக்கையில் பிழையில்லை.

பொறியின் அவசரம்

மறுபுறம், பொறியியலாளர் வேறொரு சிக்கலோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தனர். செயலியின் விரைவு ஆண்டுதோறும் பெருகியது. முதன்மை நினைவகத்தின் விரைவு அதற்கு ஈடாகப் பெருகவில்லை. இன்றைய செயலி ஒரு நொடியில் பல நூறு கோடிப் படிகளைச் செய்து முடிக்க வல்லது. ஆனால் முதன்மை நினைவகத்திலிருந்து ஒரே ஒரு எண்ணைக் கொணர்வதற்குள் நூற்றுக்கணக்கான படிகளுக்குரிய நேரம் கழிந்துவிடும். அதுவரை கைகட்டி நிற்பது வீண்.

இதற்கு இரு தீர்வுகள் காணப்பட்டன. அடிக்கடி தேவைப்படுவதைச் செயலிக்கு அருகிலேயே ஒரு சிறிய விரைவு நினைவகத்தில் வைத்துக்கொள்வது ஒன்று. கேம்பிரிட்சின் மாரிஸ் வில்க்ஸ் 1965இல் இக்கருத்தை எழுதினார், ஐ.பி.எம். நிறுவனம் 1968இல் அறிவித்த 360/85 பொறியில் அது நடைமுறைக்கு வந்தது. இன்று 'கேஷ்' என்று வழங்கப்படுவது அதுவே. காத்திருக்காமல் ஊகித்துக்கொண்டு மேலே செல்வது மற்றொன்று. நிரலில் 'இப்படியானால் இவ்வழி, அப்படியானால் அவ்வழி' என்று கிளை பிரியும் இடங்கள் நிறைய வரும். எவ்வழி என்று தெரியும்வரை நில்லாமல், முன்பு நடந்ததை வைத்து இம்முறையும் இவ்வழிதான் என்று ஊகித்து, அவ்வழியில் வேலையைத் தொடங்கிவிடுவது. ஊகம் பொய்த்தால் செய்ததை அழித்துவிட்டுத் திரும்பி வருவது. 1961இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குச் சென்ற ஐ.பி.எம். ஸ்ட்ரெச் பொறியிலேயே இதன் தொடக்க வடிவம் இருந்தது. ஆணைகளை வரிசை மாற்றிச் செய்யும் முறையை ராபர்ட் டோமாசுலோ 1967இல் வெளியிட்டார். இவ்விரண்டையும் சேர்த்து வீட்டுக் கணிப்பொறி வரை கொண்டுவந்தது 1995இல் வெளியான இன்டெலின் பென்டியம் புரோ.

இங்கே ஒரு பொருத்தத்தைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. ஜாவா அறிவிக்கப்பட்டதும் 1995. பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டை எழுதியதும் அதே 1995. அயலார் நிரலை மொழியின் காவலில் வைத்து இயக்கலாம் என்ற நம்பிக்கையும், அக்காவலைப் பின்னாளில் குலைக்கப்போகும் பொறியும் ஒரே ஆண்டில் பிறந்தன. அது மட்டுமன்று. அதே ஆண்டில் சிபர்ட், போராஸ், லிண்டல் என்னும் மூவர், இன்டெலின் 80x86 செயலிகளின் அமைப்பில் பாதுகாப்புக்கு இடையூறான கண்ணிகள் எவையெவை என்று தொகுத்து ஓர் ஆய்வுரை படைத்தனர். அதனை மொழியாக்குநர் எவரும் தம் மேசைமீது வைத்துப் படித்ததாகத் தெரியவில்லை.

அழித்த பின்னும் எஞ்சும் சுவடு

ஊகம் பொய்த்தால் செய்ததை அழித்துவிடுவதாகச் சொன்னோம். முழுவதும் அழிகிறதா என்பதே கேள்வி. ஒரு பள்ளி நூலகத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

அந்நூலகத்தில் சுறுசுறுப்பு மிக்க உதவியாளர் ஒருவர் இருக்கிறார். மாணவன் ஒருவன் அவரிடம் துண்டுச்சீட்டு ஒன்றை நீட்டுகிறான். 'இன்ன எண்ணுள்ள கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் எழுதியுள்ள எண் எதுவோ அவ்வெண்ணுடைய நூலைக் கிடங்கிலிருந்து எடுத்து வாருங்கள்' என்பது அதில் உள்ள வேண்டுகோள். மாணவர்க்கு உரியவை முதல் நூறு கோப்புகளே. கேட்ட கோப்பு அவனுக்கு உரியதுதானா என்பதை அலுவலகத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டு வரவேண்டும்; அதற்கு நேரமாகும். மாணவன் இருபது முறை தனக்குரிய கோப்பையே கேட்கிறான். இருபது முறையும் இசைவு கிடைக்கிறது. இருபத்தொன்றாம் முறை ஆசிரியர்களுக்கு மட்டுமே உரிய மறைகோப்பின் எண்ணை எழுதிக் கொடுக்கிறான். 'வழக்கம்போல் இசைவு வரும்' என்று ஊகித்த உதவியாளர், போன ஆள் திரும்பி வருமுன்பே அக்கோப்பைத் திறக்கிறார். உள்ளே 7 என்று இருக்கிறது. 7ஆம் எண் நூலைக் கிடங்கிலிருந்து கொணர்ந்து முன்மேசையில் வைக்கிறார். அதற்குள், இசைவு இல்லை என்னும் செய்தி வருகிறது. கோப்பை மூடிவிடுகிறார், மாணவனிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. விதி மீறப்படவில்லை என்றே அவர் கருதுகிறார். ஆனால் நூல் மட்டும் முன்மேசையிலேயே கிடக்கிறது. இப்போது மாணவன் 0 முதல் 9 வரையுள்ள நூல்களை ஒவ்வொன்றாக முறைப்படி கேட்கிறான். ஒன்பது நூல்கள் தாமதமாக வருகின்றன. ஒன்று மட்டும் கேட்டவுடன் வருகிறது. மறைகோப்பில் இருந்தது என்ன என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

உதவியாளரே செயலி, முன்மேசையே விரைவு நினைவகம், அலுவலகத்து இசைவே எல்லைச் சோதனை. மாணவன் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. ஒரு கடிகாரத்தை மட்டுமே வைத்திருந்தான்.

கால அளவைக் கொண்டு மறைபொருளை அறியலாம் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. பட்லர் லாம்ப்சன் 1973இலேயே, நிரல் ஒன்றை அடைத்து வைத்தாலும் அது பிற வழிகளில் செய்தியைக் கசியவிடும் என்று எழுதினார். பால் கோச்சர் 1996இல், மறையீட்டுக் கணக்குக்கு ஆகும் நேரத்தை அளந்தே மறைசாவியைக் கண்டுவிடலாம் எனக் காட்டினார். டேனியல் பெர்ன்ஸ்டைன் 2005இல் விரைவு நினைவகத்தின் வழியே ஏ.இ.எஸ். சாவியைக் கண்டறிந்து காட்டினார். ஆயினும் இவையெல்லாம் மறையீட்டு வல்லுநர் வட்டத்துக்குள்ளேயே நின்றன. தம் நிரலை நேரம் காட்டிக்கொடுக்காவண்ணம் எழுதிக்கொள்வது அவர்தம் பொறுப்பு என்று ஏனையோர் இருந்துவிட்டனர். நடந்து முடிந்த கணக்கின் நேரம் மட்டுமன்றி, நடக்கவே கூடாத கணக்கின் சுவடும் வெளியே தெரியும் என்பதே 2017இல் கண்டறியப்பட்டது.

கண்டறிந்தவர் ஒருவர் அல்லர். கூகுள் நிறுவனத்தின் புராஜெக்ட் சீரோ குழுவைச் சேர்ந்த யான் ஹார்ன் 2017 சூன் திங்களில் செயலி நிறுவனங்களுக்கு இக்குறையைத் தெரிவித்தார். பால் கோச்சர், டேனியல் கென்கின், யுவால் யாரோம் முதலியோர் தனியே ஸ்பெக்டரை அடைந்தனர். ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் குரூஸ், மோரிட்ஸ் லிப், மிக்கேல் ஸ்வார்ஸ் ஆகியோரும், செர்மனியின் சைபெரஸ் நிறுவனத்தாரும் மெல்ட்டவுனைத் தனித்தனியே கண்டனர். தம் கணிப்பொறியில் தாமே சோதனை செய்த குரூஸ், தம் உலாவியில் இருந்த முகவரிகள் கண்முன் வரிசையாக வெளிப்படக் கண்டு திடுக்கிட்டார். சனவரி 9ஆம் நாள் வெளியிடுவதாக இருந்த செய்தி கசிந்துவிட்டமையால் 3ஆம் நாளே வெளியாயிற்று. அமெரிக்காவின் செர்ட் ஒருங்கிணைப்பு மையம் முதலில் தந்த தீர்வு, செயலியையே மாற்றுக என்பது; பின்னர் அதனைத் திருத்தி, நிரல்களைப் புதுப்பிக்குமாறு அறிவித்தது. முதலில் சொன்னது நடைமுறைக்கு ஒவ்வாதது. ஆனால் அதுவே உண்மைக்கு நெருக்கமானது.

மெல்ட்டவுன், இயக்க முறைமையின் கருவகத்தில் உள்ளதைச் சாதாரண நிரலும் படிக்க வழிவிட்டது. பெரும்பாலும் இன்டெல் செயலிகளைச் சார்ந்தது அது. கருவகத்தின் நினைவகப் பட்டியலைத் தனியே பிரித்து வைத்ததன் மூலம் அடைக்கப்பட்டது. கிராஸ் குழுவினர் வேறொரு நோக்கத்துக்காக முன்பே வகுத்திருந்த கைசர் என்னும் முறையே அதற்குக் கைகொடுத்தது. ஸ்பெக்டர் அவ்வாறு அடங்கவில்லை. இன்டெல், ஏ.எம்.டி., ஏ.ஆர்.எம். என எல்லார் செயலிகளிலும் அது இருந்தது. ஊகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே அப்பெயர் வந்தது; ஆவி என்னும் பொருளும் அதற்கு உண்டு. எளிதில் தீராமல் நெடுங்காலம் துரத்தும் என்று பெயரிட்டோரே விளக்கமும் தந்தனர்.

தொகுப்பிகள் தோளில் விழுந்த சுமை

செயலியைத் திருத்த முடியாதபோது அதற்கு ஆணையிடும் நிரலைத்தான் திருத்த வேண்டும். நிரல்களைப் பொறிமொழிக்கு மாற்றுவது தொகுப்பியாதலால் சுமை அதன் தோளில் விழுந்தது.

ஸ்பெக்டரின் இரண்டாம் வகை, நிரல் எங்கே தாவும் என்பதைச் செயலி ஊகிப்பதைக் கெடுத்து, தாக்குபவர் விரும்பும் இடத்துக்குத் தாவச் செய்வது. இத்தகைய மறைமுகத் தாவல்கள் மொழிகளின் உயிர்நாடி. பொருள்நோக்கு மொழிகளில் எந்தப் பொருளின் எந்தச் செயலை அழைப்பது என்று இயக்கத்தின்போதே முடிவாகும். மொழிபெயர்ப்பான்கள் ஒவ்வோர் ஆணைக்கும் ஒரு தாவல் செய்யும். கூகுளைச் சேர்ந்த பால் டர்னர் இதற்கு ரெட்போலின் என்னும் உத்தியை வகுத்தார். நேரே தாவாமல், ஓர் அழைப்பைச் செய்து, திரும்பிச் செல்லும் முகவரியை மாற்றி எழுதி, 'திரும்புதல்' என்னும் ஆணையாலேயே உரிய இடத்தை அடைவது அவ்வுத்தி. அதற்குள் செயலி ஊகித்துச் செல்லுமாயின் முடிவில்லாத ஒரு சுழலில் சிக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும். அறுபது ஆண்டுகளாகப் பொறியின் ஊகத்துக்கு வசதியாக ஆணைகளை அடுக்கிப் பழகிய தொகுப்பிகள், முதன்முறையாகப் பொறியின் ஊகத்தை வேண்டுமென்றே பொய்யாக்கக் கற்றுக்கொண்டன. ஜி.சி.சி., எல்.எல்.வி.எம். ஆகிய இரு பெருந்தொகுப்பிகளும் இதனை ஏற்றன.

லினக்ஸ் கருவகத்துள் இயங்கும் பி.பி.எஃப். என்னும் சிறுமொழிக்கு நேர்ந்தது இன்னும் விந்தையானது. யான் ஹார்ன் தம் தாக்குதல் விளக்கத்துக்கு அதனையே கருவியாக்கினார். பொதுவாக, மொழிபெயர்ப்பான் பாதுகாப்பானது, பொறிமொழியை ஆக்கி நேரே இயக்குவது இடர் மிக்கது என்பர். இங்கோ, கருவகத்துள் மொழிபெயர்ப்பான் இருப்பதே தாக்குபவர்க்கு ஆயத்தமான படிக்கட்டாகிவிட்டது. ஆகவே 2018 சனவரியிலேயே, அம்மொழிபெயர்ப்பானை அறவே நீக்கிவிட்டுத் தொகுப்பியை மட்டும் வைத்துக்கொள்ளும் வழியைக் கருவகத்தார் சேர்த்தனர்.

முதல் வகைதான் எல்லைச் சோதனையையே தாண்டிச் செல்வது. அதனைத் தடுக்க எளிய வழி, ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் 'விடை தெரியும்வரை நில்' என்னும் ஆணையை இடுவது. அப்படி எங்கும் இட்டால் நிரல் பன்மடங்கு மெதுவாகிவிடும். தேவையான இடத்தில் மட்டும் இடுவதென்றால், எது தேவையான இடம் என்பதைத் தொகுப்பி அறிய வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் சி++ தொகுப்பியில் அவ்வசதியைச் சேர்த்தது. 2018 பிப்ரவரியில் கோச்சர் 15 சிறு மாதிரிகளை எழுதி அதனைச் சோதித்தார். ஒரே கருத்தைச் சற்றே மாற்றி எழுதியவை அவை. அவற்றுள் பெரும்பாலானவற்றில் அத்தொகுப்பி தடை இடவேயில்லை. ஒரே பொருளை மாணவன் வேறு சொற்களில் எழுதினால் அடையாளம் காணமுடியாத தேர்வாளரின் நிலை அது. இதைத் தொகுப்பியின் அறிவின்மை என்று தள்ளிவிடல் ஆகாது. எந்தச் சோதனை காவற்சோதனை, எது வெறுங்கணக்குச் சோதனை என்று எழுதியவரே மொழியில் சொல்லாதபோது தொகுப்பிக்கு எப்படித் தெரியும்? சொல்வதற்கு மொழியில் சொல்லும் இல்லை. ஜி.சி.சி.யின் 9ஆம் பதிப்பு 2019இல், ஊகத்தின்போது பயன்படுத்தலாகாத மதிப்பு இது என்று தொகுப்பிக்கு அறிவிக்கும் சொல் ஒன்றைச் சேர்த்தது. கோ மொழியின் 1.15ஆம் பதிப்பு 2020இல் அத்தகைய காப்பை விருப்பத் தெரிவாகத் தந்து, இதன் தேவை மிக அரிது என்றும் உடன் அறிவித்தது.

உலாவிகளில் நடந்த போர்

உண்மையான இடர் உலாவியில்தான் இருந்தது. ஒரு பக்கத்தில் வங்கிக் கணக்கும் மறுபக்கத்தில் முன்பின் அறியாத தளமும் திறந்திருக்கும். அத்தளத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல், நம் வீட்டுப் பொறியிலேயே, பொறிமொழியாக மாற்றப்பட்டு, முழு விரைவில் இயங்கும். ஸ்பெக்டர் ஆய்வுரையிலேயே ஜாவாஸ்கிரிப்டால் தாக்கிக் காட்டியிருந்தனர்.

முதலில் கடிகாரத்தைப் பிடுங்கினர். ஃபயர்பாக்ஸ் தன் கடிகாரத்தின் நுணுக்கத்தை ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் 20 பங்காகக் குறைத்தது. ஆப்பிளின் வெப்கிட் ஆயிரத்தில் ஒரு பங்காகவே குறைத்துவிட்டது. பல நிரல்கள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ள உதவும் ஷேர்டுஅரேபஃபர் என்னும் வசதி, மொழியின் தரநூலில் 2017இல்தான் இடம்பெற்றிருந்தது. ஒரு நிரல் அதில் எண்ணிக்கொண்டேயிருக்க, மற்றொன்று அவ்வெண்ணைப் படித்தால் அதுவே நுண்ணிய கடிகாரமாகிவிடும். ஆகவே, ஓராண்டுகூட நிறையாத அந்த வசதி எல்லா உலாவிகளிலும் அணைக்கப்பட்டது. மொழியின் இலக்கணத்தில் பிழை இல்லாதிருந்தும், செயலியின் குறைக்காக மொழியின் ஓர் உறுப்பு பிடுங்கப்பட்ட நிகழ்ச்சி இது. கடிகாரத்தைப் பிடுங்கியதால் மாணவன் நின்றுவிட்டானா என்றால், இல்லை. ஒரே செயலைப் பல்லாயிரம் முறை திரும்பச் செய்து சிறு வேறுபாட்டைப் பெருக்கிக் காண வழியிருந்தது. உலாவியில் வேறு பொருள்களைக் கொண்டே கடிகாரம் செய்துகொள்ளலாம் என்பதை ஸ்வார்ஸ் முதலியோர் 2017இலேயே காட்டியிருந்தனர்.

அடுத்து, ஊகமே தீங்கு செய்யாதபடி பொறிமொழியை ஆக்க முயன்றனர். வெப்கிட்டின் ஃபிலிப் பிஸ்லோ விளக்கிய முறை எளிமையானது. நூறு பெட்டி வரிசைக்கு வரும் எண் எதுவாயினும், இரும எண்முறையில் 127க்கு மேற்பட்ட பகுதியை முதலில் வெட்டி எறிந்துவிடுவது. எல்லைச் சோதனையைத் தாண்டி ஊகம் ஓடினாலும் அடுத்த வீட்டு வாசல்வரைதான் செல்ல முடியும். ஊர் சுற்ற இயலாது. கூகுளின் வி8 பொறி, கிளை பிரியும் போதெல்லாம் ஒரு முகமூடி எண்ணைக் கணக்கிட்டது. ஊகம் சரியானால் அது மதிப்பை அப்படியே விடும். தவறான வழியில் சென்றிருந்தால் படித்ததைச் சுழியாக்கிவிடும். செயலி கிளையை ஊகிக்கும்; கணக்கின் விடையை ஊகிப்பதில்லை என்பதே இதன் நுட்பம். எல்.எல்.வி.எம். தொகுப்பியில் சாண்ட்லர் காரூத் வகுத்த முறையும் இதே அடிப்படையில் எழுந்ததுதான்.

எல்லைச் சோதனையோடு வேலை முடியவில்லை. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பெயர் எண்ணைக் குறிக்கிறதா, பொருளைக் குறிக்கிறதா என்பது இயக்கத்தின்போதே தெரியும். வி8 போன்ற பொறிகள் 'இது இவ்வகைப் பொருள்தான்' என்று தாமே ஊகித்து, அதற்கேற்ற பொறிமொழியை ஆக்கி, முன்னால் ஒரு வகைச் சோதனையை வைக்கும். அவற்றின் விரைவு அனைத்தும் அதில்தான் இருக்கிறது. அச்சோதனையும் ஒரு கிளையே. செயலி அதைத் தாண்டி ஓடினால், எண்ணைப் பொருளாகவும் பொருளை எண்ணாகவும் கொண்டு கணக்கிடும். மொழி ஊகிக்கிறது, பொறி அந்த ஊகத்தின்மேல் மற்றோர் ஊகம் செய்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் மொழியின் இலக்கணம் செல்லுபடியாவதில்லை. எத்தனை வகைச் சோதனை உண்டோ அத்தனை வாசல்கள். ஒவ்வொரு வாசலாக அடைத்துக்கொண்டே போனவர்கள் ஓராண்டில் களைத்துப்போயினர்.

2019 பிப்ரவரியில் வி8 குழுவினரான ராஸ் மெக்கில்ராய், யாரோஸ்லாவ் செவ்சிக், டோபியாஸ் டெப்பி, பென் டிட்சர், டூன் வெர்வாஸ்ட் ஆகிய ஐவர் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். 'ஸ்பெக்டர் நிலைத்திருக்கவே வந்துள்ளது' என்பது அதன் தலைப்பின் முற்பகுதி. ஒரே நினைவகப் பரப்பில் இயங்கும் நிரல்களுக்கிடையே மறைபொருளைக் காக்க மொழியின் விதிகளால் மட்டும் இயலாது. ஊகம் செய்யும் செயலியின்மேல் எந்த மொழியும் அவ்வாறு உறுதி கூற முடியாது என்பதே அவர்கள் கண்ட முடிவு. தாம் ஓராண்டு உழைத்துக் கட்டிய தடைகள் போதா என்று கட்டியவர்களே எழுதுவது அருகிய நிகழ்ச்சி. அவர்தம் நேர்மையும், அம்முடிவின் கடுமையும் ஒருங்கே எண்ணத்தக்கன. சிங்குலாரிட்டியின் கொள்கைக்கு இது நேர் எதிர் என்பதையும் காண்க.

எஞ்சிய வழி பழைய வழியே. ஒவ்வொரு தளத்துக்கும் வன்பொருள் வேலியுடன் தனித்தனிச் செயல்முறை ஒதுக்குவது. குரோம் உலாவியில் இப்பணி ஸ்பெக்டருக்கு முன்பே வேறு காரணங்களுக்காகத் தொடங்கி நடந்துகொண்டிருந்தது. 2018இல் 67ஆம் பதிப்பில் மேசைக் கணிப்பொறிகளில் எல்லார்க்கும் நடைமுறைக்கு வந்தது. நினைவகத் தேவை 10 முதல் 13 விழுக்காடு வரை கூடிற்று. அது நடைமுறைக்கு வந்த இடங்களில் வி8 தான் சேர்த்த தடைகளுள் பெரும்பாலானவற்றைக் கழற்றி வைத்தது. ஷேர்டுஅரேபஃபரும் திரும்பி வந்தது. ஆனால் தன்னைத் தனிமைப்படுத்திக்கொள்ளும் தளத்துக்கு மட்டுமே அது கிடைக்கும் என்னும் விதி பின்னர் ஏற்பட்டது. ஃபயர்பாக்ஸ் தன் உள்ளமைப்பையே பிரித்துக் கட்ட வேண்டியிருந்ததால் 2021இன் இறுதியில்தான் அந்நிலையை எல்லார்க்கும் தர முடிந்தது.

தீராத கணக்கு

மறையீட்டு நிரல் எழுதுவோரின் குறை வேறுவகையானது. அது இன்றும் தீரவில்லை. நேரம் காட்டிக்கொடுக்காதபடி, கிளையே இல்லாமல் அவர்கள் கவனமாக எழுதுவார்கள். விடை மாறாமல் விரைவைக் கூட்டுவதே தன் கடமை என்று கருதும் தொகுப்பி, அக்கவனத்தை உணராமல் அங்கே ஒரு கிளையைப் புகுத்திவிடக்கூடும். சி மொழியின் தரநூலில் நேரம் என்பது நிரலின் பொருளில் சேராது. விடை ஒன்றாக இருந்தால் இரு நிரல்களும் ஒன்றே. தொகுப்பி விதிப்படியே நடக்கிறது, விதியில்தான் இடமில்லை.

செயலி நிறுவனங்கள் புதிய சில்லுகளில் சில குறைகளைத் திருத்தின. ஆயினும் ஆண்டுதோறும் புதிய பெயர்கள் வந்தவண்ணம் இருந்தன: 2018இல் ஃபோர்ஷேடோ, 2019இல் சோம்பிலோடு, 2023இல் டவுன்ஃபால். மொழியாக்குநர்க்கு மிகுந்த வேதனை தந்தது 2022இல் சூரிக் ஈ.டி.எச். கல்லூரியின் யோகனஸ் விக்னர், காவே ராசவி இருவரும் வெளியிட்ட ரெட்பிளீடு. ரெட்போலின் முழுவதும் 'திரும்புதல்' ஆணையை நம்பியிருந்தது; அவ்வாணையின் ஊகத்தைத் தாக்குபவர் கெடுக்க இயலாது என்பது அதன் அடித்தளம். இன்டெல், ஏ.எம்.டி. செயலிகள் சிலவற்றில் அவ்வாணையையும் ஏமாற்றலாம் என்று அவர்கள் காட்டினர். நான்கு ஆண்டுகள் உலகெங்கும் தொகுப்பிகள் இட்டுவந்த தடை, அச்செயலிகளில் தானே வாசலாகிவிட்டது.

2023 அக்டோபரில் ஐலீக்கேஜ் என்னும் தாக்குதல் வெளியாயிற்று. ஆப்பிள் தானே வடித்த செயலிகளில், சஃபாரி உலாவியின் வழியே, ஒரு தளத்தின் நிரல் மற்றொரு தளத்தின் மறைபொருளைப் படித்தது. கடிகாரத்தின் நுணுக்கம் குறைக்கப்பட்டிருந்தது, முகமூடிகளும் இடப்பட்டிருந்தன. ஆனால் ஒரு பக்கம் திறக்கும் மற்றொரு பக்கம், வேறு தளத்துடையதாயினும், அதே செயல்முறையில் இயங்க அவ்வுலாவி இடமளித்திருந்தது. அதனைக் கண்டறிந்த நால்வருள் டேனியல் கென்கின், யுவால் யாரோம் ஆகிய இருவரின் பெயர்கள், 2018 சனவரியில் வெளிவந்த முதல் ஸ்பெக்டர் ஆய்வுரையிலும் இடம்பெற்றவை.